அம்மாளுக்கு முன்பே தெரிந்திருந்தால் என் தம்பி எப்படிக் குடியை விடுவான்?

அன்புள்ள சகோதரிக்கு,

அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. உங்கள் பெயரையும் ஊரையும் தவிர்த்து, மற்ற வாசகர்களுக்கும் விளங்கும் அளவுக்கு அதன் சாரத்தை முதலில் தந்துவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 38 வயது. மேசன் வேலை தெரிந்தவர். கலியாணம் முடித்து மனைவியின் வீட்டோடு இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பதினொரு வருடமாகக் குடிக்கிறார். கடைசி நான்கு வருடமாகக் காலையில் கசிப்பு உள்ளே போகாமல் கரண்டியைப் பிடிக்கவே கை நிலைகொள்வதில்லை. சென்ற வருடம் ஊர் அம்மன் கோவில் சடங்கில், தெய்வம் ஆடியவரிடம் நீங்கள் கட்டு (குறி) கேட்டபோது, "இவன் இந்த வருசமும் விடமாட்டான்" என்று வாக்கு வந்தது. அது தம்பியின் காதுக்குப் போன நாளிலிருந்து அவர் உங்களிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "அம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரிந்தது பிழைக்காது. நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பிறகு நான் எப்படி அக்கா விடுகிறது? விட்டால் அம்மாள் பொய் சொன்னதாக ஆகாதா?"

பக்கத்து வளவில் இருக்கும், மெதடிஸ்த திருச்சபைக்குப் போகும் ரீச்சர், இயேசுவின் சீடரான பேதுருவின் கதையைச் சொல்லித் தம்பியைத் திருத்தப் பார்க்க, அந்தக் கதை தம்பியின் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நெல் வாங்க வரும் அக்கரைப்பற்று நானா, "களா கத்ரை, அதாவது இறைவன் விதித்ததை, நம்ப வேண்டும், ஆனால் அதைச் சாட்டாகச் சொல்லக்கூடாது" என்றாராம். ஏன் சொல்லக்கூடாது என்பதை விளக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. உங்கள் கேள்விகள் மூன்று. தம்பியின் பேச்சில் பிழை எங்கே இருக்கிறது? எல்லாம் முன்பே தெரிந்த அம்மாளுக்கு நீங்கள் நேர்த்தி வைத்து மடிப்பிச்சை எடுப்பதில் பொருள் உண்டா? இந்த வருடச் சடங்கிலும் கட்டுக் கேட்கலாமா?

நான் பூசகர் அல்லன். முப்பது வருடத்துக்கு மேலாக உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தவன். அந்த வாக்கு அம்மாளிடமிருந்து வந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வந்தது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பியின் வாதம் அதை நம்பித்தான் நிற்கிறது. குடியில் கிடக்கும் ஒருவர் மூன்று எடுகூற்றுகளை (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகளை) இவ்வளவு ஒழுங்காக அடுக்கி முடிவுக்கு வருகிறார் என்பதைக் கண்டு, பழைய ஆசிரியன் என்ற முறையில் சற்று வியந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். என் வகுப்பில் இருந்திருந்தால் முன்வாங்கில் இருத்தியிருப்பேன். முழுப் புள்ளி கொடுத்திருக்க மாட்டேன்.

பிழையைக் காட்ட, வகுப்பாசிரியரின் மேசையில் கிடக்கும் வரவு இடாப்பை எடுத்துக்கொள்கிறேன். காலையில் பெயர் கூப்பிட்டு, வந்த பிள்ளைக்கு ஒரு கோடும் வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு பூச்சியமும் போடுவோம். ஒருபோதும் பிழைக்காத இடாப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே கோடு இருந்தால், அந்தப் பிள்ளை அன்று வந்திருந்தது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் அதிலிருந்து, அந்தப் பிள்ளையால் அன்று வராமல் இருந்திருக்கவே முடியாது என்று யாராவது முடிவு செய்வார்களா? காய்ச்சலென்று படுத்திருக்கலாம், ஆற்றங்கரைக்கு இறால் பிடிக்கப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் இடாப்பில் கோடு இருந்திராது, பூச்சியம் இருந்திருக்கும். "பிழைக்கவே முடியாது" என்ற வலிமை, இடாப்பின் குறிப்புக்கும் பிள்ளையின் வரவுக்கும் இடையிலுள்ள தொடர்புக்கு உரியது. உங்கள் தம்பி அந்த வலிமையைத் தொடர்பிலிருந்து கழற்றி எடுத்து, செயலின் தலையில் சுமத்திவிடுகிறார். "அம்மாளுக்குத் தெரிந்திருந்தால் நடந்தே தீரும்" என்ற கூற்றில், "தீரும்" என்பது "தெரிந்திருந்தால்" என்பதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. தனியாகப் பிரித்து, "நான் குடித்தே தீருவேன்" என்று எடுத்துக்கொள்வதற்கு அந்தக் கூற்று இடம் தரவில்லை.

தம்பி இதோடு விட்டுவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. "இடாப்பு பிள்ளை வந்த பிறகு எழுதுவது, அம்மாளுக்குத் தெரிந்தது நான் குடிப்பதற்கு முன்பு" என்பார். இது நியாயமான எதிர்க்கேள்வி. இந்தக் கேள்வியின் உண்மையான கடினமும் இங்கேதான் இருக்கிறது. 1965இல் நெல்சன் பைக் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இதைக் கூர்மையாக எடுத்துவைத்தார். நடந்து முடிந்ததை யாராலும் மாற்ற முடியாது. கடவுள் ஒரு காரியத்தை நேற்றே அறிந்திருந்தார் என்பது நடந்து முடிந்த ஒன்று. அவர் அறிந்தது பிழைக்கவும் முடியாது. ஆகவே இன்று அதற்கு மாறாகச் செய்யும் வல்லமை எனக்கு எங்கே இருக்கிறது? இடாப்பு உவமை மட்டும் இதற்குப் போதாது.

பழைய விடைகளில் மிகப் பெயர்பெற்றது உரோமரான போயத்தியஸ் சொன்னது. கி.பி. 524 அளவில், மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் கிடந்தபடி அவர் இதை எழுதினார்; ஆகவே பொழுதுபோக்குக்காக எழுப்பிய கேள்வி என்று யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. அவருடைய எண்ணத்தை நம் வயல்வெளிக்குக் கொண்டுவந்தால் இப்படிச் சொல்லலாம். கதிர் முற்றும் காலத்தில் காவற்பரணில் இருப்பவனுக்கு வட்டை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. வரம்பின் தொடக்கத்தில் கால் வைப்பவனும் வாய்க்கால் கரையை எட்டிவிட்டவனும் அவன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள். கீழே நடப்பவனுக்குத்தான் அடுத்த வரம்பு இனி வரப்போவது. கடவுள் காலத்துக்கு மேலே இருந்து நம்முடைய நேற்றையும் நாளையையும் ஒரே "இப்போது"க்குள் பார்க்கிறார். அவர் முன்கூட்டி அறியவில்லை, காண்கிறார். ஒருவன் நடப்பதை நான் காண்பதால் அவன் கால்கள் கட்டப்படுவதில்லை. அழகான விடை. ஆனால் உங்கள் வீட்டு விடயத்தில் இது முழுதாக உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாளின் அறிவு காலத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம்; கட்டுச் சொன்னது, உடுக்கடிக்கு நடுவே, ஒரு குறிப்பிட்ட இரவில், ஊரார் காது கேட்க. பரணில் இருப்பவன் வாய் திறந்து சொல்லிவிட்டான்.

எனக்கு அதிகம் பிடித்த விடை, 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, இங்கிலாந்தின் ஒக்கம் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் என்ற துறவியின் வழியில் வருவது. கடந்த காலத்தைப் பற்றிய கூற்றுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்று அவர் கண்டார். நம் பக்கத்து உதாரணம் ஒன்றால் விளக்குகிறேன். 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் காரைதீவில் ஒரு குழந்தை பிறந்தது. மயில்வாகனம் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் விபுலானந்த அடிகள் என்று உலகம் அறிந்தது. "அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் 1892இல் காரைதீவில் பிறந்தார்" என்பது உண்மையான கூற்று. பேசுவதும் 1892ஐப் பற்றித்தான். ஆயினும் அந்தக் கூற்றை உண்மையாக்கியதில் ஒரு பாதி, 1931இல் அடிகளார் அந்தப் பதவியை ஏற்றுக்கொண்ட செயலில் இருக்கிறது. அவர் மறுத்திருந்தால் 1892இல் நடந்த பிரசவம் ஒரு மயிரிழையும் மாறியிராது; அந்தக் குழந்தையைப் பற்றி அப்படி ஒரு கூற்றைச் சொல்ல இயலாமல் போயிருக்கும், அவ்வளவுதான். "தம்பி இன்று குடிப்பான் என்று அம்மாளுக்கு நேற்றே தெரியும்" என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்தது. நேற்றின் மேல் நிற்பதுபோலத் தோன்றினாலும், அதன் ஒரு கால் இன்றைய செயலின் மேல் ஊன்றியிருக்கிறது. தம்பி இன்று குடிக்காமல் இருந்தால், அம்மாளின் அறிவைப் பொய்யாக்கியவர் ஆகமாட்டார். "இன்று குடிக்கமாட்டான்" என்பதே அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்ததாக இருக்கும். இதிலும் ஓர் இடுக்கு உண்டு: அறிவு என்பது வெறும் கூற்று அல்ல, அறிபவரின் உள்ளத்தில் ஏற்கெனவே அமைந்துவிட்ட ஒரு நிலை என்று எதிர்வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள், அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் உங்கள் தம்பியின் முடிவு தானாகவே நிறுவப்பட்டுவிட்டது என்று காட்டும் அளவுக்கு அந்த எதிர்வாதம் போவதில்லை.

வேறு வழிகளும் உண்டு, சுருக்கமாகவே தொடுகிறேன். ஸ்பானிய இயேசு சபைத் துறவி மொலினா, 1588இல் வெளிவந்த நூலில், எந்தச் சூழலில் எந்த மனிதன் தன் விருப்பப்படி எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதைக் கடவுள் அறிந்தே உலகை அமைத்தார் என்றார். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த இமாம் அஷ்அரி, செயலைப் படைப்பவன் இறைவன், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன் என்று பிரித்தார். அக்கரைப்பற்று நானா சொன்னதற்குப் பின்னால் இருப்பது அந்த மரபு. நம் சைவ சித்தாந்தமோ வினையைச் சஞ்சிதம் (முன்பே சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் என்று மூன்றாக வகுக்கிறது. ஆகாமியம் என்பது இந்தப் பிறவியில், இந்தக் கையால், புதிதாகச் சேர்த்துக்கொள்வது. எல்லாமே முன்பே எழுதி முடிந்தது என்றால் அந்த மூன்றாவது பெயருக்கே வேலை இருந்திராது. "எல்லாம் விதி" என்று சொல்பவர் தம்மைச் சைவர் என்று நினைத்துக்கொண்டு சைவத்தின் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்.

இனி, வாய்விட்டுச் சொல்லப்பட்ட வாக்குக்கு வருகிறேன். ஊமையாக இருக்கும் அறிவு வேறு, உரியவன் காதில் விழும் வாக்கு வேறு. நினிவே நகரம் 40 நாளில் கவிழும் என்று யோனா அறிவித்தார், ஊரார் உடுத்த உடையை மாற்றி, உண்ணாமல் கிடந்து மனந்திரும்பினார்கள், நகரம் கவிழவில்லை. யோனா கோபப்பட்டார் என்பது வேறு விடயம். குர்ஆனும் யூனுஸ் நபியின் சமூகம் நம்பிக்கை கொண்டதால் வேதனை நீக்கப்பட்டது என்றே சொல்கிறது. அங்கே இறைவாக்குப் பொய்த்துவிட்டது என்று இரண்டு சமயத்தாரும் சொல்வதில்லை. அது சொல்லப்பட்டதே அவர்கள் திரும்ப வேண்டும் என்பதற்காக என்கிறார்கள். "நீ இப்படியே போனால் உருப்படமாட்டாய்" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் தாய், தன் சொல் பலித்ததா என்று இருபது வருடம் கழித்துப் பார்க்கக் காத்திருப்பதில்லை. பலிக்கக்கூடாது என்றுதான் சொல்கிறாள். "இந்த வருசமும் விடமாட்டான்" என்ற கட்டை இந்த வகையில் எடுத்துக்கொள்ளத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மாளின் வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே தாம் குடித்துக்கொண்டிருப்பதாகத் தம்பி சொல்வது, கசிப்பு காய்ச்சுபவரைத் தவிர வேறு யாருக்கும் வசதியான பக்தியாகத் தோன்றவில்லை.

ரீச்சர் சொன்ன பேதுருவின் கதை இதற்கு நேர்மாறானது என்பது சரிதான்: சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலிப்பாய் என்று இயேசு சொன்னார், அப்படியே நடந்தது. ஆனால் தம்பி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். சேவல் கூவியதும் பேதுரு, "நீர் சொன்னபடிதானே செய்தேன்" என்று ஆறுதலடையவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதார். சொல்லப்பட்டிருந்தது என்பது அவருக்குச் சாட்டாகப் படவில்லை. நம் பக்கத்தில் வைகாசியில் கண்ணகி கோவில்களில் வழக்குரை படிக்கும்போது நீங்களும் இருந்து கேட்டிருப்பீர்கள். ஊழ்வினை வந்து ஊட்டும் என்பதைக் காட்டவே எழுந்த காப்பியம் என்று இளங்கோவின் நூல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. கோவலனின் சாவுக்கு ஊழ்தான் காரணம் என்று சொல்லப் பாண்டியனைவிட வசதியான ஆள் எவரும் இல்லை. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த கணத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. "யானோ அரசன், யானே கள்வன்" என்றான். ஊழை முழுதாக நம்பும் ஒரு நூலிலேயே, வழக்கு ஒன்று நடக்கிறது, தவறு செய்தவன் தன் தவறைத் தன்னுடையது என்று ஏற்கிறான்.

தம்பியின் வாதத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. குடி ஒன்றைத் தவிர வேறு எதற்காவது அவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கவனியுங்கள். சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு பிடிக்காமல், "நிற்கும் சுவரென்றால் நிற்கும் என்று அம்மாளுக்குத் தெரியும்" என்று விட்டுவிடுகிறாரா? மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து எடுக்காமல் இருக்கிறாரா? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் கிறிசிப்பஸ் இதே பேச்சை எதிர்கொண்டார்: குணமாவது விதியென்றால் குணமாகும், ஆகவே வைத்தியர் தேவையில்லை என்றவர்களிடம், குணமாவது விதியாக இருந்தால் வைத்தியரை அழைப்பதும் அந்த விதியோடு சேர்ந்ததே என்றார். கலீபா உமரின் வரலாற்றில் இது இன்னும் தெளிவாக வருகிறது. சிரியாவில் கொள்ளை நோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்டு அவர் படையோடு திரும்ப முடிவுசெய்தபோது, "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" என்று அவருடைய தளபதி அபூ உபைதா கேட்டார். "அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம்" என்பது உமரின் பதில். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறள். உன் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் இறைவன் விதிப்படிதான் மேய்க்கிறாய், அப்படியிருக்க எந்தப் பக்கம் கொண்டுபோவாய் என்றும் கேட்டார். மாடு வளர்க்கும் நம் ஊர்க்காரர் எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நானாவுக்கு நேரமில்லாமல் போன விளக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, உங்கள் கடிதத்தின் ஒரு வரிக்குத் திரும்புகிறேன். காலையில் கரண்டியைப் பிடிக்கக் கை நிலைகொள்வதில்லை என்ற வரி அது. தம்பி "என்னால் விட முடியாது" என்று சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த முடியாமை அம்மாளின் அறிவிலிருந்து வரவில்லை, பதினொரு வருடக் குடி உடம்பில் செய்த வேலையிலிருந்து வருகிறது. அது கடவுளின் முன்னறிவைப் போல அசைக்க முடியாதது அல்ல. மருந்துக்கும் காலத்துக்கும் அசைந்து கொடுப்பது. நான் வைத்தியன் அல்லன் என்றாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த நிலையில் உள்ளவர் வீட்டில் வைத்துத் திடீரென்று முழுதாக நிறுத்தினால், முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். என் கடிதத்தைக் காட்டி நாளைக்கே விடு என்று வற்புறுத்திவிடாதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ உங்களுக்குக் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கூட்டிச் சென்று, வைத்தியரின் கண்காணிப்பில் விடச் செய்யுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். வெறியில் இருக்கும் நேரத்தில் இந்த வாதங்கள் எதையும் எடுக்காதீர்கள். இடாப்பும் பரணும் அந்த நேரத்தில் சண்டைக்குத்தான் உதவும்.

மடிப்பிச்சையைப் பற்றிய கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. அம்மாளுக்கு முன்பே எல்லாம் தெரியும் என்றால், நீங்கள் மடியேந்தி வீடு வீடாகப் போவதும் அவளுக்குத் தெரிந்தவற்றுள் ஒன்று; நடப்பவை உங்கள் வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டே நடக்கின்றன. அவளுக்குத் தெரியாததைத் தெரிவிப்பதற்காக யாரும் மன்றாடுவதில்லை. நிறுத்த வேண்டாம்.

இந்த வருடம் கட்டுக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியை மாற்றுங்கள். "விடுவானா" என்று அக்கா கேட்டால், வருகிற விடை தம்பிக்கு இன்னொரு எடுகூற்றாகவே போய்ச் சேரும். சடங்குக்கு முன் கிளினிக்குக்கு ஒரு தடவையாவது போய்வந்து, அன்று மாலை குளித்து, தம்பியே வந்து நின்று, "நான் என்ன செய்ய வேண்டும்" என்று தன் வாயால் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவருடைய மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.